டுரான் டுரான்: முகத்தை விடுங்கள், பேஸ் கிடாரைக் கேளுங்கள்

கேள்வி: பிரிட்டிஷ் பாப் குழுவான டுரான் டுரானுக்கு இன்றும் ரசிகர்கள் இவ்வளவு உருகுவது ஏன்? வீடியோவில் அழகாக இருந்ததைத் தவிர இசையில் ஏதாவது இருக்கிறதா? புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

பதில்:

"அழகாக இருந்ததைத் தவிர" என்று போட்டிருக்கிறீர்களே, அந்த வார்த்தைகளுக்காகத்தான் இந்தப் பதில். நாற்பது வருடமாக இந்தக் குழுவின் ரசிகர்கள் பதில் சொல்லிச் சலித்த கேள்வி இது.

நீங்கள் அநேகமாகப் பார்த்திருப்பது 'ரியோ' வீடியோவாக இருக்கும். ஆன்டிகுவாக் கடல், பாய்மரப் படகு, ஆன்டனி பிரைஸ் தைத்த பட்டு சூட்டுகள். அதையும் கைப்பேசி ஸ்பீக்கரில்தான் கேட்டிருப்பீர்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் கிடாரின் மிகத் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் சுரம் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஆக, இந்தக் குழுவின் பாதி உங்கள் காதுக்கு வந்து சேரவே இல்லை. மிச்சம் இருப்பது பாட்டுக்காரரின் குரலும் கீபோர்டின் பளபளப்பும்தான். அதை மட்டும் கேட்டால் எனக்கும் மேலோட்டமாகத்தான் தெரியும்.

என் கட்சி இதுதான்: டுரான் டுரான் அடிப்படையில் ஒரு நடனத் தாளக் குழு. அதன் முதுகெலும்பு ஜான் டெய்லரின் பேஸும் ரோஜர் டெய்லரின் டிரம்ஸும். (கிடார் வாசித்த ஆண்டியும் டெய்லர்தான், மூவரும் உறவில்லை. இதைச் சொல்லாவிட்டால் கீழே ஒருவர் வந்து கேட்பார்.) சிந்தசைசர் வாசித்த நிக் ரோட்ஸ் அதன் மேல் வண்ணம் பூசினார். சைமன் லெ பான் அதன் மேல் பாடினார். இந்த வரிசையில் கேட்டால் எல்லாம் விளங்கும். தலைகீழாகக் கேட்டால் முகம் மட்டும்தான் மிஞ்சும். பாட்டு என்றாலே குரலையும் வரியையும் முதலில் தேடிப் பழகிய காதுக்கு இது கொஞ்சம் சிரமம், ஒப்புக்கொள்கிறேன். லெ பான் எழுதிய வரிகளில் அர்த்தம் தேடி ஓய்ந்தவர்கள் ஏராளம். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பர்மிங்காமில் 1978இல் நிக் ரோட்ஸும் ஜான் டெய்லரும் தொடங்கிய குழு இது. பெயர் 1968இல் வந்த 'பார்பரெல்லா' படத்தின் வில்லன் பாத்திரத்திலிருந்து வந்தது. ரம் ரன்னர் என்ற இரவு விடுதிதான் இவர்களுக்கு ஒத்திகைக் கூடம், மேடை, அலுவலகம் எல்லாமே; அதை நடத்திய பெர்ரோ சகோதரர்கள்தான் மேலாளர்கள். ஆட்கள் ஆடுகிற இடத்தில் ஒத்திகை பார்த்த குழுவின் பாட்டு ஆடத்தான் வைக்கும். பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் முரட்டுத்தனத்தையும் நியூயார்க் டிஸ்கோ குழுவான ஷிக்கின் தாளத்தையும் ஒன்றாகப் பிசைவதே நோக்கம் என்று ஜான் டெய்லர் பலமுறை சொல்லியிருக்கிறார். முதலில் கிடார் வாசித்தவர், ஷிக்கின் பெர்னார்ட் எட்வர்ட்ஸைக் கேட்டுத்தான் பேஸ் பக்கம் சாய்ந்தார்.

பின்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். 1984இல் 'தி ரிஃப்ளெக்ஸ்' பாட்டை ரீமிக்ஸ் செய்தவர் ஷிக்கின் நைல் ராட்ஜர்ஸ். அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். 1985இல் ஜேம்ஸ் பாண்ட் பாட்டான 'எ வியூ டு எ கில்' தயாரிப்பில் இருந்தவர் அதே பெர்னார்ட் எட்வர்ட்ஸ். அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த ஒரே பாண்ட் பாட்டு அதுதான். ஜானும் ஆண்டியும் தனியாகப் போய்த் தொடங்கிய 'தி பவர் ஸ்டேஷன்' குழுவில் டிரம்ஸ் ஷிக்கின் டோனி தாம்ப்சன். 1986இன் 'நொட்டோரியஸ்' தொகுப்பு மறுபடியும் நைல் ராட்ஜர்ஸ். யாரைக் கேட்டு வாசிக்கப் பழகினார்களோ அவர்களே வந்து இவர்களோடு வேலை செய்தார்கள். வெறும் முகவெட்டுக்காக அந்த மூவரும் மெனக்கெட்டிருப்பார்களா?

சரி, கேட்கும் முறைக்கு வருகிறேன். கம்பி வைத்த சாதாரண ஹெட்ஃபோன் போதும். 'பேஸ் பூஸ்ட்' மாதிரி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அது கீழ்ச் சுரங்களை எல்லாம் ஒரே குழம்பாக்கிவிடும். ஜான் டெய்லர் வாசிப்பில் முக்கியம் கனம் கிடையாது, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே விழுகிற வெட்டு. முதல் பாட்டு 'பிளானட் எர்த்', 1981 பிப்ரவரியில் வந்தது, பிரிட்டனில் 12ஆம் இடம். முதல் முறை டிரம்ஸை மட்டும் பிடியுங்கள்: ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), இரண்டு கிக்குக்கு நடுவே ஹை-ஹாட் (ஜோடி உலோகத் தட்டு) திறந்து 'ட்ஸ்' என்று மூடுகிறது. அச்சு அசல் டிஸ்கோ. இரண்டாம் முறை பேஸ். ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் மாற்றி மாற்றித் துள்ள விடுகிறார். மூன்றாம் முறை மேலே உள்ளதை எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். அப்போது கிடார் எவ்வளவு கரடுமுரடாக இருக்கிறது என்பதும் தெரியும். ஆண்டி மனதளவில் ஒரு ராக் கிடார்காரர், அந்த இழுபறி இல்லாவிட்டால் பாட்டு ஜில்பான்ஸாகப் போயிருக்கும்.

அடுத்து அதே பாட்டின் 'நைட் வெர்ஷன்'. 12 அங்குல இசைத்தட்டில் வந்த நீண்ட வடிவம் இது, ரசிகர்களின் செல்லப் பிள்ளை. 12 அங்குல இசைத்தட்டு என்றால் நாடாவை வெட்டி ஒட்டி நீட்டியதாக நினைப்பார்கள். இவர்களின் தொடக்க கால நைட் வெர்ஷன்கள் அப்படி இல்லை. நடன விடுதிக்காகவே அமைப்பை மாற்றி, குழு முழுதும் ஸ்டுடியோவில் மறுபடி வாசித்தது. பேஸும் டிரம்ஸும் மட்டும் நின்று ஓடுகிற இடங்கள் அதில் கிடைக்கும். 'வாசிக்கத் தெரியாத பையன்கள்' என்பவர்களுக்கு நான் அனுப்புவது இதைத்தான்.

பிறகு 1982 மே மாதம் வந்த 'ரியோ' தொகுப்பை முழுசாக எடுங்கள். லண்டன் ஏர் ஸ்டுடியோ, தயாரிப்பு காலின் தர்ஸ்டன். தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் ஒரு விசித்திரமான உலோகச் சத்தம் வருகிறதே, அது சிந்தசைசர் இல்லை. கிராண்ட் பியானோவின் கம்பிகள் மேல் நிக் ரோட்ஸ் உலோகக் கம்பிகளைப் போட்டுப் பதிவு செய்து, நாடாவைத் திருப்பி ஓட்டியது. உள்ளே மினுமினுவென்று ஓடிக்கொண்டே இருக்கும் சுரத் தூறல், ரோலண்ட் ஜூபிட்டர்-4 கீபோர்டின் ஆர்ப்பெஜியேட்டர். ஒரு கார்டைப் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) பிடித்துக்கொண்டால் கருவியே சுரங்களை ஒழுங்கில்லாமல் பொறுக்கி வாசிக்கும். அது ஒழுங்கில்லாமல் உதிர்வதால்தான் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. சாக்ஸஃபோன் ஆண்டி ஹாமில்டன் என்பவர் வாசித்தது. வீடியோவில் வாசிப்பதுபோல் நிற்பவரை நம்பாதீர்கள்.

'ஹங்ரி லைக் த வுல்ஃப்' எலெக்ட்ரானிக் விளையாட்டாகத் தொடங்கியது: ரோலண்ட் டிஆர்-808 தாளப் பெட்டி, சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் ஒரு சீக்வென்சர், ஜூபிட்டர்-8 கீபோர்டு. அதன் மேல் ஆண்டியின் கிடார் வந்து உட்கார்ந்ததும் பாட்டு ஒரே நாளில் உருவாகிவிட்டது. 'நியூ ரிலிஜன்' பாட்டில் இரண்டு லெ பான்கள் ஒருவரை ஒருவர் மறித்துப் பேசுவார்கள்; ஹெட்ஃபோன் இல்லாமல் அதைக் கேட்பது வீண். கடைசிப் பாட்டு 'தி ஷோஃபர்'. இதில் பேஸும் கிடாரும் ஒதுங்கிக்கொள்ள நிக் ரோட்ஸ் தனியாக ஆள்கிறார். கடைசியில் வரும் ஊதல் ஒகரினா என்ற சின்னக் குழல் வாத்தியம், வாசித்தவர் லெ பான். என் வாதத்துக்கு நேர் எதிரான பாட்டு. இருந்தும் தொகுப்பிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று சொல்லும் ரசிகர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், மறுக்க எனக்கு மனசில்லை.

ஒரு எச்சரிக்கை. 'ரியோ' ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது. அமெரிக்காவில் முதலில் விற்கவில்லை. 1982 நவம்பரில் அங்கே மறுபடி வெளியிட்டபோது ஐந்து பாட்டுகளை டேவிட் கெர்ஷென்பாம் ரீமிக்ஸ் செய்தார்: 'ரியோ', 'மை ஓன் வே', 'லோன்லி இன் யுவர் நைட்மேர்', 'ஹங்ரி லைக் த வுல்ஃப்', 'ஹோல்ட் பேக் த ரெயின்'. பழைய அமெரிக்கத் தட்டை வாங்கிவிட்டு "நான் கேட்டது வேற மாதிரி இருக்கே" என்று புலம்புகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். 2009இல் வந்த இரட்டை சிடி பதிப்பில் இரண்டும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கமாக வைத்துக் கேளுங்கள். எனக்குப் பிரிட்டிஷ் கலவைதான். அமெரிக்கக் கலவையோடு வளர்ந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலில் கேட்டதுதான் அவரவருக்குச் சரியான ஒலி. 'மை ஓன் வே' இன்னும் குழப்பம்: 1981இல் தனித்தட்டாக வந்தது வேகமானது, வயலின்களோடு இருக்கும், தொகுப்பில் இருப்பது நிதானமாக மறுபடி பதிந்தது. 'ரியோ'வுக்கு முன் வந்த முதல் தொகுப்பின் 1983 அமெரிக்கப் பதிப்பிலும் 'டு த ஷோர்' பாட்டைத் தூக்கிவிட்டு 'இஸ் தேர் சம்திங் ஐ ஷுட் நோ?' பாட்டைச் சேர்த்திருப்பார்கள். வாங்கும் முன் பாட்டுப் பட்டியலைப் பாருங்கள்.

பேஸ் கிடார் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் ஜான் வைத்திருந்தது ஜப்பானின் ஆரியா ப்ரோ II எஸ்பி-1000. அதைத் தேடிப் பணத்தைக் கொட்டாதீர்கள், சத்தம் விரலில் இருக்கிறது. ஸ்தாயித் துள்ளலுக்குக் கை அமைப்பு எளிது: ஆள்காட்டி விரல் கீழ்ச் சுரத்தில், சுண்டு விரல் இரண்டு கம்பி தள்ளி இரண்டு கட்டம் மேலே. நடுவில் இருக்கும் கம்பியை ஆள்காட்டி விரலின் சதையால் லேசாகத் தொட்டு அடக்குங்கள். இதை விடுவதால்தான் பலருக்கு 'ஙொய்ங்' என்று கூடவே இன்னொரு சத்தம் வருகிறது. வலது கையில் பிளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் சில்லு) வேண்டாம், இரண்டு விரல் மாறி மாறி. 'ரியோ' நிமிடத்துக்கு 140 தட்டை ஒட்டிய வேகம். எடுத்த எடுப்பில் அங்கே போனால் மேல் சுரம் எல்லாம் முந்திக்கொண்டு ஓடும். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 90இல் வைத்து, தட்டுக்கு நாலு என்று மனசுக்குள் எண்ணிப் பழகி, ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். சுரத்தை எடுப்பதைவிட அதை எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. 'சேவ் எ பிரேயர்' வீடியோவுக்குக் கீழே எப்போது போனாலும் "இந்தியாவில் எடுத்தது எவ்வளவு அழகு" என்று யாராவது எழுதியிருக்கிறார்கள். நம் ஆட்களும் அதற்குக் கைதட்டல் போடுகிறார்கள். ஐயா, அது இலங்கை. 1982இல் ரஸ்ஸல் மல்கஹி இயக்கத்தில் 'ஹங்ரி லைக் த வுல்ஃப்', 'சேவ் எ பிரேயர்', 'லோன்லி இன் யுவர் நைட்மேர்' மூன்றும் அங்கேதான் எடுக்கப்பட்டன. பாறை சிகிரியா, இடிபாடுகள் பொலன்னறுவை. சோழர்கள் ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்துத் தலைநகராக்கிய அதே பொலன்னறுவை! தமிழ் வாசிப்பவருக்காவது அது தெரிய வேண்டாமா? அந்த ஊர் மக்கள் வீடியோவில் வெறும் பின்புலமாக வந்து போவது எனக்கும் உறுத்தல்தான். அதைச் சொல்லவாவது முதலில் எந்த ஊர் என்று தெரிந்திருக்க வேண்டும். படப்பிடிப்பில் ஏரி நீர் வாய்க்குள் போய் ஆண்டி டெய்லர் காய்ச்சலில் படுத்ததும், சுற்றுப்பயணம் தள்ளிப்போனதும் அங்கே நடந்ததுதான்.

"மேடையில் பாட முடியாதவர்கள், 1985 லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரியைப் பார்" என்று இப்போது ஒருவர் தட்டச்சிக்கொண்டிருப்பார். பார்த்தாச்சு. 1985 ஜூலை 13, ஃபிலடெல்ஃபியா. 'எ வியூ டு எ கில்' உச்சஸ்தாயியில் லெ பானின் குரல் பிசிறடித்தது உண்மை. நேரலையில் பாடினால்தானே பிசிறடிக்கும்? 2022இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் முதல் பாட்டிலேயே ஒலி அமைப்பு காலை வாரியபோதும் நிறுத்தி, சிரித்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஹிட் தொகுப்புப் பக்கம் போகாமல் தனித்தட்டுகளின் பின்பக்கங்களுக்குப் போங்கள். 'பிளானட் எர்த்'தின் பின்னால் 'லேட் பார்', 'கேர்லெஸ் மெமரீஸ்' பின்னால் 'கனாடா', 1983இன் 'யூனியன் ஆஃப் த ஸ்னேக்' பின்னால் 'சீக்ரெட் அக்டோபர்'. கடைசியாகச் சொன்னதை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். 1993இன் 'ஆர்டினரி வேர்ல்ட்' பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். அது வாரன் குக்குருல்லோ கிடார் வாசித்த காலம். ரோஜரும் இல்லை, ஆண்டியும் இல்லை. நல்ல பாட்டு, ஆனால் வேறு குழு. அதற்குத் தனிக் கேள்வி போடுங்கள், எழுதுகிறேன்.