இன்டிசைன் சொல்லடைவு ஹெடரில் முதல் சொல், கடைசிச் சொல் மட்டும் வரவைப்பது எப்படி? பக்க எண்களும் சேர்ந்து வருகின்றனவே?

கேள்வி இதுதான்: நூலின் கடைசியில் வரும் 40 பக்கச் சொல்லடைவு (இன்டெக்ஸ்). ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்தப் பக்கத்தில் வரும் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அகராதியில் இருப்பதுபோலத் தானாக வர வேண்டும். நூல் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ரன்னிங் ஹெடர் வேரியபிள் (பக்கத்துக்குப் பக்கம் தானாக மாறும் தலைப்பு வாசகம்) வைத்தால் சொல்லோடு பக்க எண்களும் வந்து, எழுத்துகள் நசுங்கிக் கிடக்கின்றன. இதையே வேர்டில் செய்ய முடியுமா?

முதலில் ஒன்று. சொல்லடைவு ஆறேழு பக்கம்தான் என்றால் இந்த வேலையே வேண்டாம். இரண்டு பக்கமும் ‘சொல்லடைவு’ என்று நிலையாகப் போட்டுவிடுங்கள். வாசகர் சொல்லைத் தேடிக்கொள்வார். பெயரடைவு, பொருளடைவு என்று இரண்டு தனித்தனியாக இருந்தால் அந்தந்தப் பெயரைப் போட்டால் போதும். 40 பக்கம் என்பது வேறு. அங்கே வழிகாட்டும் சொல் இல்லாவிட்டால் புரட்டிப் புரட்டிக் கை வலிக்கும்.

எண்கள் ஏன் வருகின்றன? நீங்கள் தேர்ந்தெடுத்தது பாராகிராஃப் ஸ்டைல் வகை வேரியபிள். அது ‘இன்டெக்ஸ் லெவல் 1’ ஸ்டைல் உள்ள பத்தி முழுவதையும் தூக்கிக்கொண்டு போகும். சொல்லடைவில் பத்தி என்பது சொல் மட்டுமல்ல, ‘அணைக்கட்டு, 14, 88–91, 203’ என்ற வரி முழுக்கத்தான். எது சொல், எது எண் என்று வேரியபிளுக்குத் தெரியாது. நசுங்குவதற்கும் காரணம் உண்டு: வேரியபிளில் வரும் வாசகம் எவ்வளவு நீளமானாலும் இன்டிசைன் அதை ஒரே வரியில்தான் வைக்கும், அடுத்த வரிக்கு மடிக்காது. இடம் போதாதபோது எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திவிடும்.

ஆகவே தேவை கேரக்டர் ஸ்டைல், அதாவது பத்திக்குள் குறிப்பிட்ட எழுத்துகளுக்கு மட்டும் போடும் ஸ்டைல், வகை வேரியபிள். சிக்கல் என்னவென்றால், ஜெனரேட் இன்டெக்ஸ் உரையாடல் பெட்டியில் மோர் ஆப்ஷன்ஸைத் திறந்தால் பக்க எண்ணுக்கும், ‘காண்க’ குறிப்புக்கும், அது சுட்டும் சொல்லுக்கும் கேரக்டர் ஸ்டைல் கொடுக்க இடம் இருக்கிறது. தலைச்சொல்லுக்கு, அதாவது வரித் தொடக்கத்தில் வரும் அடைவுச் சொல்லுக்கு, மட்டும் இல்லை! அதை நாமே போட வேண்டும்.

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். பத்தி ஸ்டைலுக்குள்ளேயே, ஒரு விதிப்படி தானாகக் கேரக்டர் ஸ்டைலைப் போடும் நெஸ்டட் ஸ்டைலோ கிரெப் ஸ்டைலோ வைத்துவிட்டால் தானாக நடந்துவிடுமே என்று தோன்றும். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஆனால் ஹெடர் வெறுமையாக நிற்கும். நெஸ்டட் ஸ்டைலும் கிரெப் ஸ்டைலும் போடும் கேரக்டர் ஸ்டைல் வெறும் தோற்றம். வேரியபிளின் கண்ணுக்கு அது படாது. எழுத்தின்மேல் நேரடியாகப் பதிந்த ஸ்டைலைத்தான் அது எடுக்கும். எனவே ஃபைண்ட்/சேஞ்ச் மூலம் ஒரே வீச்சில் பதித்துவிடுவதுதான் வழி.

அதற்குமுன், சொல் எங்கே முடிகிறது என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத ஓர் அடையாளம் வேண்டும். ‘காற்புள்ளி, இடைவெளி, அதன்பின் எண்’ என்று தேடலாம்தான். ஆனால் ‘கிளர்ச்சி, 1857’ என்று ஒரு தலைச்சொல் இருந்தால் ஆண்டையே பக்க எண் என்று நினைத்து அங்கேயே வெட்டிவிடும். முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் இருந்தால் எண்ணே கிடைக்காமல் தேடல் தவறும். என் ஸ்பேஸ் எனப்படும் அகன்ற இடைவெளியை அடையாளமாக்கிவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும். மோர் ஆப்ஷன்ஸின் கீழே என்ட்ரி செபரேட்டர்ஸ் பகுதியில் ‘ஃபாலோயிங் டாபிக்’ பெட்டியில் காற்புள்ளி போட்டு, பக்கத்திலுள்ள சிறு மெனுவிலிருந்து என் ஸ்பேஸைச் சேருங்கள். ‘பிஃபோர் கிராஸ்-ரெஃபரன்ஸ்’ பெட்டியில் முற்றுப்புள்ளியும் என் ஸ்பேஸும். இந்த இரண்டு இடம் தவிர வேறெங்கும் என் ஸ்பேஸ் வரக் கூடாது. இனி ‘சோழர், பிற்கால’ போன்ற சொல்லுக்குள் இருக்கும் காற்புள்ளியால் எந்தக் குழப்பமும் வராது. அதன்பின் இருப்பது சாதாரண இடைவெளி.

அடைவை உருவாக்கியபின் ‘தலைச்சொல்’ என்ற பெயரில், எந்தப் பண்பும் மாற்றாத வெறும் கேரக்டர் ஸ்டைல் ஒன்றை உண்டாக்குங்கள். ஃபைண்ட்/சேஞ்சில் கிரெப் (வடிவத்தைக் கொண்டு தேடும்) தாவலுக்குப் போய், தேடும் பெட்டியில் இதைத் தட்டுங்கள்:

^.+?(?=[.,]?~>|$)

வரித் தொடக்கத்திலிருந்து என் ஸ்பேஸ் வரைக்கும், அதற்கு முன்னுள்ள காற்புள்ளியையோ முற்றுப்புள்ளியையோ விட்டுவிட்டு எடு என்பது இதன் பொருள். கடைசியில் உள்ள டாலர் குறி, பக்க எண்ணே இல்லாமல் உட்தலைப்புகள் மட்டும் உள்ள சொற்களுக்காக. ஃபைண்ட் ஃபார்மட்டில் இன்டெக்ஸ் லெவல் 1, சேஞ்ச் ஃபார்மட்டில் தலைச்சொல். சேஞ்ச் டு பெட்டியைக் காலியாகவே விடுங்கள். ஃபார்மட் குறிப்பிட்டிருப்பதால் எழுத்து எதுவும் அழியாது, ஸ்டைல் மட்டும் ஏறும். இந்தத் தேடலைப் பெயரிட்டுச் சேமித்துவைக்க மறக்காதீர்கள். அடைவை மறுபடி உருவாக்கும் ஒவ்வொரு முறையும் பழையது முழுவதும் அழிந்து புதிதாக வரும், நீங்கள் போட்ட கேரக்டர் ஸ்டைல்களும் அத்தோடு போய்விடும்.

நூற்பெயர்களுக்குச் சாய்வெழுத்து வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கேரக்டர் ஸ்டைல் போடாதீர்கள். ஓர் எழுத்தின்மேல் ஒரு கேரக்டர் ஸ்டைல்தான் நிற்கும். நடுவில் வேறொன்று புகுந்தால் தலைச்சொல் இரண்டு துண்டாகி, ஹெடரில் முதல் துண்டு மட்டும் வரும்.

வேரியபிளுக்கு டைப், டெக்ஸ்ட் வேரியபிள்ஸ், டிஃபைன். கேரக்டர் ஸ்டைல் வகையில் இரண்டு வேண்டும்: ஒன்றில் ஃபர்ஸ்ட் ஆன் பேஜ், மற்றதில் லாஸ்ட் ஆன் பேஜ். இரண்டுக்கும் ஸ்டைல் தலைச்சொல்தான். பேரன்ட் பக்கத்தில், அதாவது பழைய பதிப்புகளின் மாஸ்டர் பக்கத்தில், ஹெடர் சட்டத்துக்குள் செருகுங்கள். அங்கே வேரியபிளின் பெயர்தான் கோண அடைப்புக்குள் தெரியும். பயப்பட வேண்டாம், உண்மையான பக்கத்தில் சொல் வரும்.

இரண்டையும் ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு இணைப்பதா? நான் பரிந்துரைப்பது வேறு: இடப்பக்கத்தில் முதல் சொல் மட்டும், வலப்பக்கத்தில் கடைசிச் சொல் மட்டும். விரித்த இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே வீச்சாகத் தெரியும், சொல் நசுங்கவும் வாய்ப்புக் குறைவு. ஒரே தலைச்சொல் பக்கம் முழுவதும் நீண்டால் ‘அணைக்கட்டு – அணைக்கட்டு’ என்ற அசட்டு ஹெடரும் வராது. அப்படியும் ஏதாவது ஒரு சொல் மிக நீளமாக இருந்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஹெடரைச் சொடுக்கி விடுவித்து, கன்வர்ட் வேரியபிள் டு டெக்ஸ்ட் கொடுத்துக் கையால் சுருக்கலாம். ஆனால் அதன்பின் அது தானாக மாறாது. அச்சுக்குப் போகும் கடைசி நிமிடத்தில் மட்டும் செய்யுங்கள்.

ஹெடரில் ‘கெ’ என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். வேரியபிள் மூலத்திலிருந்து எழுத்துகளை மட்டும்தான் கொண்டுவரும். தோற்றத்தை அது செருகப்பட்ட இடத்தின் ஸ்டைலிலிருந்து எடுத்துக்கொள்ளும். அடைவின் ஸ்டைலில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் இருந்து, ஹெடரின் பத்தி ஸ்டைலில் இல்லாவிட்டால் இப்படித்தான் குலையும். ஹெடர் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் அதை மாற்றினால் சரியாகிவிடும்.

முந்தைய பக்கத்தில் தொடங்கிய சொல்லின் உட்தலைப்புகள் புதிய இடப்பக்கத்தின் தலையில் தொடர்ந்தால், அந்தச் சொல்லை மறுபடி எழுதி ‘(தொடர்ச்சி)’ என்று போடுவது அச்சு வழக்கம். வலப்பக்கத்தின் கடைசி நெடுவரிசையிலிருந்து தாள் திரும்பும் இடத்துக்குத்தான் இது கட்டாயம். இன்டிசைன் இதைத் தானாகச் செய்யாது. கையால் சேர்க்கும்போது லெவல் 1 ஸ்டைல் கொடுத்து, தலைச்சொல் ஸ்டைலைச் சொல்லுக்கு மட்டும் போடுங்கள், அடைப்புக்குள் இருப்பதற்கு வேண்டாம். இதைச் சேர்க்காவிட்டால் ஃபர்ஸ்ட் ஆன் பேஜ் அந்தப் பக்கத்தில் உண்மையில் தொடங்கும் சொல்லைத்தான் காட்டும். அதற்கு மேலே கிடக்கும் உட்தலைப்புகளுக்கு வழிகாட்டி இருக்காது.

பக்கத்தில் தலைச்சொல்லே இல்லையென்றால் வேரியபிள் முந்தைய பக்கத்தில் கிடைத்ததைக் காட்டும். அது நமக்குச் சாதகம்தான். அடைவின் முதல் பக்கத்துக்கு ஹெடர் இல்லாத தனிப் பேரன்ட் வையுங்கள். பல ஆவணங்களை ஒரே நூலாகச் சேர்க்கும் புக் கோப்பில் அடைவு தனி ஆவணமாக இருந்தால் வேரியபிள் அந்த ஆவணத்திலும் இருந்தாக வேண்டும். சின்க்ரனைஸ் ஆப்ஷன்ஸில் டெக்ஸ்ட் வேரியபிள்ஸைத் தேர்ந்தெடுத்தால் போய்ச் சேரும்.

வேர்டிலும் முடியும். அங்கே ஸ்டைல்ரெஃப் என்ற ஃபீல்டு (வேர்டே தானாக நிரப்பும் வாசகம்) இருக்கிறது. அது பக்கத்தை மேலிருந்து கீழே தேடி முதலில் கிடைப்பதைக் காட்டும். ‘பக்கத்தின் அடியிலிருந்து மேலே தேடு’ என்ற விருப்பத்தைத் தேர்ந்தால் கடைசியில் உள்ளதைக் காட்டும். ‘இன்டெக்ஸ் 1’ ஸ்டைலைக் கொடுத்தால் இங்கேயும் எண்கள் ஒட்டிக்கொண்டுதான் வரும், கேரக்டர் ஸ்டைல்தான் மருந்து. அடைவைத் தனி செக்‌ஷனாக்கி, ஹெடரில் ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ இணைப்பை அணைத்துவிடுங்கள், இல்லையேல் நூல் முழுவதன் ஹெடரும் மாறும். அடைவும் ஒரு ஃபீல்டுதான் என்பதால் எஃப்9 தட்டிய நொடியே போட்ட ஸ்டைல் எல்லாம் பறந்துவிடும். ஸ்டைல் போட்டு முடித்தவுடன் அடைவுக்குள் கர்சரை வைத்து கன்ட்ரோல் எஃப்11 தட்டிப் பூட்டிவிடுங்கள். திருத்தம் வந்தால் கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்11 தட்டித் திறந்து, புதுப்பித்து, ஸ்டைலை மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.