சீன எழுத்து தெரிந்தால் ஜப்பானில் போதுமா?

தம்பி, ஷாங்காயில் ரெண்டு வருஷம் இருந்தேன், சீன எழுத்து ஓரளவு படிப்பேன், ஜப்பானியமும் சீனத்திலிருந்து பிறந்ததுதானே, டோக்கியோவில் சமாளிச்சிடலாமா அண்ணான்னு கேட்டிருக்கே. நான் டோக்கியோவில் இருக்கிற நிஷிகசாய்க்கு வந்து 14 வருஷம் ஆச்சு. தெரிஞ்சதைச் சொல்றேன்.

ரயில் நிலையத்துல வெளியே போற வழி, உள்ளே வர்ற வழி பலகையெல்லாம் முதல் நாளே படிச்சிடுவே. ஆனா சீனத்திலிருந்து வந்தது எழுத்தும் நிறைய சொற்களும்தான், மொழி இல்லை. "வதாஷி வா கினோ மிஸே நி இகிமாஷிதா"ன்னா "நான் நேற்று கடைக்குப் போனேன்". மிஸேன்னா கடை, 'நி' நம்ம 'கு'. வினை நம்ம மாதிரியே கடைசியில. சீனத்துல வேற்றுமை உருபும் கிடையாது, வினை நடுவுலயே வந்துடும். இந்த ஒட்டுகளைச் சீன எழுத்தில் எழுதுறது பெரும்பாடா இருந்ததாலதான், 9ஆம் நூற்றாண்டு வாக்கில் அதே எழுத்துகளைச் சுருக்கி ஹிரகானா, கதகானான்னு ஒலியெழுத்து உண்டாக்கினாங்க. பலகையில அந்த வளைஞ்ச எழுத்து கலந்திருந்தா அது ஜப்பானியம், கண்ணை மூடிட்டுச் சொல்லலாம்.

(வாக்கிய அமைப்பைப் பார்த்துட்டுத் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம்னு கிளம்பிடாதே. சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பானிய மொழியியலாளர் அப்படித்தான் சொன்னார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏத்துக்கலை. கொரியனும் துருக்கியும்கூட வினையைக் கடைசியிலதான் வைக்குது.)

தலைவலியே ஒரே எழுத்துக்கு ரெண்டு வாசிப்பு இருக்கிறதுதான். நம்ம தண்ணீரும் ஜலமும் மாதிரி வெச்சுக்கோ. மலைக்கு சொந்தச் சொல் யமா, சீனத்திலிருந்து வந்தது சான். ஃபூஜி-சான்ல வர்ற சான் மலைதான், மரியாதைக்குப் போடுற சான் இல்லை.

வந்த புதுசுல நான் மாட்டினது பெயர்ல. ஒருத்தர் நீட்டின விசிட்டிங் கார்டுல ரெண்டு மரம் பக்கத்துல பக்கத்துல நிக்கிற எழுத்து. தோப்புன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்ச ஒரே வாசிப்பு ஹயாஷி. "ஹயாஷி-சான்"னு குனிஞ்சு வணங்கினேன். அவர் சிரிச்சுட்டு, "ரின், தைவான்காரன்" என்றார். அவங்க ஊர்ல அது லின், ஜப்பானிய வாயில ரின். அன்னையிலிருந்து கார்டு வாங்கினா "எப்படி வாசிக்கணும்?"னு கேட்டுடுவேன். ஜப்பான்காரங்களே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்க, தப்பில்லை. முகத்தை வெச்சு எந்த ஊர்னு ஊகிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

இன்னொண்ணு, பொருள் மாறின சொற்கள். கை, காகிதம்னு ரெண்டு எழுத்து சேர்ந்தா இங்கே கடிதம், நீ இருந்த ஊர்ல கழிப்பறைக் காகிதம். எதிர்த் திசையிலயும் போயிருக்கு: டெலிபோனுக்குச் சீனாவில் புழங்குற மின்சாரம்-பேச்சு என்ற சொல் ஜப்பான்ல கட்டினது.

சீனாவில் மாதிரி பிப்ரவரியில புத்தாண்டு லீவுன்னு டிக்கெட் போட்டுடாதே. 1873லயே இவங்க ஆங்கில நாட்காட்டிக்கு மாறிட்டாங்க, புத்தாண்டு ஜனவரி 1தான்.

பன்றி சாப்பிட மாட்டேன்னு எழுதியிருந்தியே, அதுக்குத்தான் இந்தப் பொருள் மாறின சொல் விஷயம் முக்கியம். நீ சீனாவில் பழகின பன்றி எழுத்துக்கு இங்கே காட்டுப்பன்றின்னு பொருள். மெனுவில் அதைத் தேடினா கிடைக்காது, நிம்மதியா ராமென்னு இங்கே கிடைக்கிற சூப் நூடுல்ஸ் சொல்லிடுவே. சாதாரணப் பன்றிக்கு இங்கே வேற எழுத்து, வாசிப்பு 'புதா'. அதைப் படம் எடுத்து போன்ல வெச்சுக்கோ. அப்பவும் கடைக்காரரிடம் சூப்பு எதுல காய்ச்சினதுன்னு கேளு, பல கடைகள்ல பன்றி எலும்புதான்.