முரண்படும் சாட்சிகள்: ஒரு பர்மா குடும்பத்தின் வரலாறு (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

பர்மாத் தமிழர்களைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எங்கள் குடும்பமும் பர்மாவிலிருந்து வந்ததுதான். என் தாத்தா 1930-களில் சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரங்கூன் முகல் தெருவில் இருந்த ஒரு செட்டியார் கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை ஊழியனாக, போனவர். 1942-இல் பாட்டியுடன் நடந்தே ஊர் திரும்பியிருக்கிறார். வழியில் அவர்களுடைய முதல் குழந்தை இறந்துவிட்டது. போர் முடிந்தபின் மறுபடியும் போய், பெகுவில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். 1965-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் சென்னைக்கு வந்தார்கள். அப்போது பெரியப்பாவுக்கு இருபது வயது, அத்தைக்குப் பதினேழு, என் அப்பாவுக்கு ஒன்பது. அப்பா இப்போது இல்லை.

பெரியப்பாவையும் அத்தையையும் பேச வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்து வருகிறேன். குடும்ப வரலாற்றை ஒரு சிறு நூலாக எழுதி உறவினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் இருவரும் சொல்வது ஒன்றோடொன்று ஒத்துப் போகவில்லை. பாட்டியின் நகைகளை ரங்கூன் துறைமுகச் சோதனையில் பிடுங்கிக்கொண்டார்கள் என்கிறார் அத்தை. அதற்கு முன்பே தாத்தா விற்றுவிட்டார் என்கிறார் பெரியப்பா. குழந்தை மலையில் வாந்திபேதியால் இறந்தது என்கிறார் அத்தை. படகில் இறந்தது என்கிறார் பெரியப்பா. ஆண்டு, மாதம் கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. எதை எழுதுவது?

இன்னொன்றும் உண்டு. ஒருநாள் அத்தை பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டு, தாத்தாவுக்குப் பெகுவில் ஒரு பர்மிய மனைவியும் மகளும் இருந்ததாகச் சொன்னார். "இதெல்லாம் எழுதிடாதப்பா" என்றும் சொன்னார். இதைப் பெரியப்பாவிடம் கேட்கலாமா?

அன்புடன்,
கே., திருச்சி

அன்புள்ள கே.,

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். நீங்கள் தீர்ப்பு எழுதப் போவதில்லை. யார் சொன்னார், அப்போது அவருக்கு என்ன வயது, அவர் அதை நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்ற மூன்றும் தெரியும்படி எழுதினால், முரண்பாடுகள் அப்படியே நின்றாலும் உங்கள் நூல் நம்பத்தக்கதாக இருக்கும். இவற்றை நீக்கிவிட்டு எல்லோருடைய பேச்சையும் கலந்து வழுவழுப்பான ஒரே கதையாக்கினால், வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் எந்த வாக்கியத்தை நம்புவது என்பது உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

1942-ஐ எடுத்துக்கொள்வோம். பெரியப்பாவும் அத்தையும் அப்போது பிறக்கவே இல்லை. இருவரும் பாட்டி வாயால் கேட்டதைத்தான் சொல்கிறார்கள், அதுவும் வெவ்வேறு வயதில், வெவ்வேறு நேரத்தில் கேட்டதை. ஆகவே அந்த அத்தியாயம் முழுவதும் கேள்வியறிவு என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதே சமயம், நீங்கள் முரண்பாடு என்று நினைப்பதற்குள்ளேயே ஒரு உறுதியான செய்தி இருப்பதைக் கவனியுங்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியரின் முதல் குண்டு விழுந்த பிறகு தரைவழியாக இந்தியாவை நோக்கிக் கிளம்பியவர்களுக்கு முக்கியமாக இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, ப்ரோம் நகரில் ஐராவதி ஆற்றைக் கடந்து, அரக்கான் மலைத்தொடரை ஏறி இறங்கி, கடற்கரையில் இருக்கும் டவுங்கப் ஊரை அடைந்து, அங்கிருந்து படகில் அக்யாபுக்கும் பின்னர் சிட்டகாங்குக்கும் போவது. மற்றொன்று, வடக்கே போய்த் தமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்து, இம்பாலைத் தாண்டித் திமாப்பூரில் ரயில் ஏறுவது. முதல் பாதையில் மலையும் உண்டு, கடலில் படகும் உண்டு, வாந்திபேதியும் உண்டு. உங்கள் அத்தை சொல்லும் மலையும் பெரியப்பா சொல்லும் படகும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வருபவை. குழந்தை எந்த இடத்தில் இறந்தது என்பதில் மட்டுமே இருவரும் வேறுபடுகிறார்கள். எந்த வழியாக வந்தார்கள் என்பதில் ஏறத்தாழ ஒன்றுபடுகிறார்கள். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னும் ஒன்று மட்டும் கேளுங்கள்: பாட்டி எந்த ஊரில் ரயில் ஏறியதாகச் சொன்னார்? திமாப்பூர் நிலையத்துக்கு அந்நாளில் 'மணிப்பூர் ரோடு' என்று பெயர். அந்தப் பெயர் யார் வாயிலாவது வந்தால் நான் மேலே சொன்னதை அடித்துவிடுங்கள்.

நகை விஷயம் இதைவிடச் சிக்கலானது, அதனால் இதைவிடப் பயனுள்ளது. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் ரங்கூனில் கடைகள் அரசுடைமையாயின, விரைவிலேயே மற்ற ஊர்களிலும் அது நடந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டன. உங்கள் குடும்பம் கப்பல் ஏறியது 1965-இல் என்றால், கடை போனதற்கும் கப்பல் ஏறியதற்கும் இடையில் பல மாதங்கள் இருக்கின்றன. வருமானம் இல்லாமல், கையிலிருந்த பெரிய நோட்டுகளும் செல்லாமல், ஐந்து பேர் எதை விற்றுச் சாப்பிட்டார்கள்? இருபது வயது மூத்த மகன் தகப்பனாருடன் அடகுக் கடைக்கும் ஆசாரியிடமும் போயிருப்பார். விற்றது அவருக்குத் தெரியும். பதினேழு வயதுப் பெண் துறைமுகத்தில் தாயின் பக்கத்தில் வரிசையில் நின்றிருப்பார். பறித்தது அவருக்குத் தெரியும். இரண்டும் நடந்திருக்கலாம். ஆனால் இது என் ஊகம். நீங்களும் இதை ஊகமாகவே எழுத வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. துறைமுகத்தில் தாலியைக்கூடக் கழற்றச் சொன்னார்கள் என்ற பேச்சை, பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். பலருக்கு அது உண்மையாகவே நடந்தது. ஆனால் பர்மா காலனிகளிலும், 1969-க்குப் பின் பர்மா பஜார் கடைகளிலும் ஆண்டுக்கணக்கில் அருகருகே வாழ்ந்தவர்கள் ஒருவர் கதையை ஒருவர் கேட்டுக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவம் தம்முடையதைப் போலவே ஆகிவிடுவதும் நடக்கும். அது பொய்யல்ல. சேர்ந்து பட்ட துன்பம் அப்படித்தான் நினைவில் தங்குகிறது. இதைப் பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி, கேள்வியைச் சிறிதாக்குவதுதான். "நகையெல்லாம் என்ன ஆச்சு அத்தை?" என்று கேட்டால், அறுபது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்தான் வரும். "ஆச்சியோட அட்டிகை எங்கே போச்சு? காசுமாலை? தோட்டைக் கழற்றினது யாரு, ஆம்பளையா பொம்பளையா? அப்ப நீங்க எங்கே நின்னீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கண்டவருக்கு இந்தக் கேள்விகள் வழி திறக்கும். பிறர் சொல்லக் கேட்டவர் பெரும்பாலும் "அது தெரியலையேப்பா" என்பார். அந்தத் "தெரியலை"யையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேட்டி எடுக்கிறீர்களா, தனித்தனியாகவா என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றாக என்றால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். அண்ணன் பேசும்போது தங்கை குறுக்கே பேச மாட்டார்; பேசினாலும் "ஆமாம், அண்ணன் சொல்றதுதான்" என்று முடித்துக்கொள்வார். தனித்தனியாக எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, ஒருமுறை சேர்த்து உட்கார வைத்துப் பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். அந்த உட்காரலில் கிடைப்பது வேறு வகையாக இருக்கும்.

உங்கள் பட்டியலில் பெரியம்மா இல்லை, உங்கள் அம்மாவும் இல்லை. குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது வாழ வந்த பெண்களைத்தான். "அவங்களுக்கு என்ன தெரியும், நம்ம குடும்பத்துப் பழங்கதை?" என்று வீட்டு ஆண்களே தள்ளிவிடுவார்கள். ஆனால் மாமியாருடன் சமையலறையில் இருந்தவர்களும், கடைசிக் காலத்தில் அவரைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தவர்களும் அவர்கள்தாம். தன் மகனிடம் சொல்லாததைப் பாட்டி மருமகளிடம் சொல்லியிருப்பார். தவிர, பிறந்த வீட்டுப் பெருமையைக் காக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இந்தக் கதையில் இல்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் சிலர் கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள் என்பதால், பெயர்களை மட்டும் வேறு யாரிடமாவது சரிபார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அந்தச் சரிபார்ப்பு இரட்டிப்பாகத் தேவைப்படும்.

தேதிகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பெரியவர்களிடம் ஆங்கில ஆண்டைக் கேட்பதைவிட வீட்டில் ஜாதகக் குறிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் தமிழ் வருடம், மாதம், நட்சத்திரம் எல்லாம் இருக்கும்: விஷு என்றால் 1941 சித்திரையில் தொடங்கிய ஆண்டு, சித்திரபானு என்றால் அதற்கு அடுத்தது, குரோதி என்றால் 1964 சித்திரையில் தொடங்கியது. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்ப வேண்டாம். காதைத் தொடச் சொல்லிச் சேர்த்துக்கொண்டு வாத்தியார் போட்ட தேதியாக இருக்கலாம். தாத்தா முதலில் போன காலத்தைக் கணக்கிட, செட்டியார் கடைகளில் ஊழியர்கள் மூன்றாண்டுத் தவணையில் போய் வந்தார்கள் என்பது உதவும். எத்தனை தவணை இருந்தார் என்று கேளுங்கள். 1965-க்குப் பிந்தைய காலத்துக்குத் தூதரகம் கொடுத்த பயணச் சான்று, காலனி வீட்டு ஒதுக்கீட்டுத் தாள், தாயகம் திரும்பியவர்களுக்கென்றே 1969-இல் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கியின் பங்குச் சான்று ஆகியவற்றைத் தேடுங்கள். கல்யாண மொய் நோட்டுகள் பரண்மேல் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பர்மாவிலிருந்து வந்தவுடன் நடந்த முதல் கல்யாணத்துக்கு யார் யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு எழுதினார்கள் என்பதில், யார் உறவை விடாமல் வைத்திருந்தார்கள், யார் விலகிப் போனார்கள் என்பது தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த ஆவணம் அதுதான்.

இனி அத்தை பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னது. பெரியப்பாவிடம் கேட்க வேண்டாம். கேட்ட அந்தக் கணமே யார் சொன்னது என்று அவருக்குத் தெரிந்துவிடும். எண்பது வயதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு மனத்தாங்கலை உண்டாக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அவருக்கும் தெரிந்திருந்து, அவரே என்றாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பர்மாவில் வாழ்ந்த தமிழர் பலருக்கு அங்கே பர்மியக் குடும்பம் இருந்தது. புத்த மதத்துப் பெண்கள் பிற மதத்தவரை மணப்பது பற்றி 1939-இல் தனிச் சட்டமே கொண்டுவரும் அளவுக்கு அது அந்நாட்டில் பெரிய அரசியல் பிரச்சினையாக இருந்தது. கிளம்பும்போது அந்தக் குடும்பத்தையும் அழைத்து வந்தவர்கள் உண்டு, விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆகவே உங்கள் தாத்தாவின் கதை அபூர்வமானதல்ல; ஆனால் அத்தைக்கு அது தன் தாயின் அவமானம். அவர் உங்களிடம் சொன்னது எழுத்தாளரிடம் சொன்னதல்ல, அண்ணன் தம்பி பிள்ளை என்பதால் சொன்னது.

அதனால் நூலில் அதை எழுதாதீர்கள். எழுதாமல் இருப்பது வேறு, பொய் எழுதுவது வேறு. "தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள், முதல் குழந்தை வழியில் இறந்தது" என்று எழுதினால் அது நீங்கள் அறிந்தே எழுதும் பொய். "பாட்டிக்கு நான்கு பிள்ளைகள்" என்று எழுதுங்கள், அது உண்மை. வம்சாவளிப் படத்தைப் பாட்டியின் பெயரிலிருந்து தொடங்கி வரையுங்கள். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அத்தை சொன்னதைத் தனியே ஒரு நோட்டில், அவர் சொன்ன சொற்களிலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் காலத்தில் வெளியே வராது என்று அவரிடம் சொல்லியும் விடுங்கள். வேண்டாம் என்று அவர் மறுபடி சொன்னால் அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுங்கள். பெகுவில் அந்த மகள் இருந்தால் அவருக்கு இப்போது எழுபதுக்கு அருகில் வயதாகியிருக்கும், பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களைத் தேடுவது என்பது உங்கள் நூலைச் சேர்ந்த வேலை அல்ல. அப்படி ஒருநாள் தேடுவதானால், அவர்களுக்கும் இதில் ஒரு விருப்பம் இருக்கும் என்பதை முதலில் யோசியுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் முழுப் பிரதியையும் பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் தனித்தனியே வாசித்துக் காட்டுங்கள். தம்மைப் பற்றி எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள். அடுத்தவர் சொன்னதை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள், மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசிப் பதிவுகளை இன்றே வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள்.

அன்புடன்.