மூன்றாவது பாடத்தின் பாரம்

கேள்வி: எனது மகள் உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் முதல் முறை தோற்றி, உயிரியலில் ஏ, இரசாயனவியலில் சி, பௌதிகவியலில் எஸ் (சாதாரண சித்தி) பெற்றாள். இப்போது சனி, ஞாயிறுகளில் பஸ்ஸில் யாழ்ப்பாணம் சென்று மூன்று பாடங்களுக்கும் ரியூசன் எடுக்கிறாள். மருத்துவ பீடம் கிடைக்க இன்னும் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, இன்னும் ஒன்றைக் கூட்டுவதைவிட ஒன்றைக் குறைப்பதே நல்லது, முதலில் உயிரியல் வகுப்பை நிறுத்துங்கள். ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையை (எல்லோரதும் சராசரிப் புள்ளியை) கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் எவ்வளவு பரந்துள்ளன என்ற அளவால்) வகுத்து, மூன்று பாடங்களின் சராசரியை எடுப்பதே பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி என்பதால், உயிரியலில் ஏற்கெனவே உயர்ந்து நிற்பவர் அங்கே மேலும் நாலைந்து புள்ளி தேடுவதைவிட, பௌதிகவியலில் இருபது புள்ளி ஏறுவது எளிது, பயனும் அதிகம். உயிரியலுக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலை முறையாக மீட்டினால் போதும்.

பௌதிகவியலில் புள்ளி எங்கே போனது என்று தேடச் சொல்லுங்கள். முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. கணிப்பானுக்கு அனுமதியும் இல்லை. ஆகவே வீட்டில் கைத்தொலைபேசியில் கணக்குப் பார்த்துப் பழகியவர், முறை தெரிந்தும் மண்டபத்தில் பெருக்கலிலேயே நேரத்தைத் தொலைப்பார். பழைய வினாத்தாள்களை மணிக்கூட்டை முன்னே வைத்து, கையால் கணித்துச் செய்யட்டும். பிழைக்குப் புள்ளி கழிக்கப்படாததால் எதையும் வெறுமையாக விடக்கூடாது.

அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரும்பாலும் செய்முறையைச் சுற்றியே வருகின்றன. வேணியர் இடுக்கிமானியையோ அழுத்தமானியையோ கையால் தொடாமல் குறிப்பை மனனம் செய்தவருக்கு அங்கேதான் தடுமாற்றம் (எங்கள் வன்னிப் பிள்ளைகள் பலருக்கு இது அவர்கள் குற்றமல்ல). பாடசாலை ஆசிரியரிடம் ஆய்வுகூடத்தில் ஓரிரு பிற்பகல் கேட்டுப் பெறுவது, யாழ்ப்பாணப் பயணத்தைவிட மேலானது. எழுதிய விடையைப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்துடன் அவளே வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். "விளங்கிவிட்டது" என்பதற்குப் புள்ளி இல்லை, எழுதிய படிக்குத்தான் புள்ளி.

பல்கலைக்கழக இடங்களில் மாவட்ட ஒதுக்கீடு 55 வீதம், முல்லைத்தீவு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் உண்டு. அது துணைதான், ஆயினும் எஸ் ஒன்றை அது சுமக்காது.

இரசாயனவியல் வகுப்பு தொடரட்டும். ஞாயிறு முழுநாளும் வீட்டில், பௌதிகவியல் வினாத்தாளோடு.