நோயும் பாடுகளும் கடவுளுடைய சித்தம் என்று கிறிஸ்தவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, பார்க்க வந்த சபையார் "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அதை அப்படியே ஏற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை கட்டிலில் கிடப்பவருக்கு உண்டு. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுப் போகிறவருக்குக் கிடையாது. கெத்செமனேயில் "உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும்" என்று ஜெபித்தவர் சிலுவைக்குப் போக இருந்தவர். அவரும் முதலில் "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்றுதான் கேட்டார். கூடப் போன சீடர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் இழந்து நோயிலும் விழுந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை ஒரு குறையும் இல்லை. காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. கடைசி அதிகாரத்தில் (42:7) கடவுளுடைய கோபம், தமக்காக வக்காலத்து வாங்கிய இந்த மூவர் மேல்தான் விழுகிறது. புலம்பித் தீர்த்த யோபு சரியாகப் பேசினான் என்று தீர்ப்பு.

லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். நம் பக்கத்துக்கு வாருங்கள். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ, 94 பிள்ளைகள். சமையல் கூடத்து நெருப்பு, கீற்றுக் கூரை, குறுகலான படிக்கட்டு. இதைத் தேவசித்தம் என்று சொல்லி முடித்திருந்தால் கீற்றுக் கூரைக்கு யார் பதில் சொல்வது? அதே ஆண்டு டிசம்பர் 26-இல் சுனாமி. வேளாங்கண்ணியில் கோயில் தப்பியதைப் புதுமை என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. கடற்கரையில் செத்த யாத்திரிகர்களின் வீட்டாரிடம் போய் இதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வருமா?

உபாகமம் 28-ஐயும் 1 கொரிந்தியர் 11:30-ஐயும் எடுத்துக்கொண்டு சிலர் வருவார்கள். வரட்டும். நோய் தண்டனையாக வந்த இடங்கள் வேதத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே அதைச் சொன்னவர்கள் மோசேயும் பவுலும். அந்த அதிகாரம் நம் தெரு ஜெபக்குழுவுக்கு எப்போது வந்தது? "விசுவாசம் இருந்தால் வியாதியே வராது" என்பது இன்னொரு கோஷ்டி. பவுல் தன் உடலில் "முள்" என்று சொன்ன உபாதை நீங்க மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை. கூட வந்த துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார் (2 தீமோத்தேயு 4:20). 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு 1719-இல் இறந்தபோது வயது 36. அவருக்கும் விசுவாசம் போதவில்லையா?

ஜெபமா மருந்தா என்ற சண்டையே வேண்டாம். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூடும் என்று வாக்குக் கொண்டுவந்த ஏசாயாதான், பிளவையின் மேல் அத்திப்பழ அடை வைத்துக் கட்டவும் சொன்னார் (2 இராஜாக்கள் 20:7).

இனி, உங்கள் வீட்டில் உடனே கவனிக்க வேண்டியது. டெல்டாவில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி. டயாலிசிஸில் இருப்பவருக்கு இந்த மூன்றும் ஆபத்து, இளநீர் எல்லாவற்றையும்விட மோசம். இவற்றில் இருக்கும் பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ள முடியாத உடம்பில் அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். முன்கூட்டிப் பெரிய அடையாளமும் காட்டாது. வாரத்துக்கு மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்று போகிறவர்களுக்கு இடையில் இரண்டு நாள் விடுபடும் நேரம்தான் மிக மோசமானது. அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டித்தான் வரும், விருந்தாட்கள் வருவதும் அன்றைக்குத்தான். தண்ணீருக்கும் கணக்கு உண்டு. முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக்கொள்வது வழக்கம், உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கஞ்சி, மோர், ரசம், யாராவது கொண்டுவந்து கொடுக்கும் தீர்த்தம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். தீர்த்தம் ஒரு தேக்கரண்டி போதும், பாட்டிலோடு வைக்காதீர்கள்.

அடுத்தது உபவாச ஜெபம். அப்பாவுக்காக வீட்டில் எல்லோரும் உபவாசம் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் சர்க்கரை நோயாளி யாராவது இருந்தால் அவருக்கு வேண்டாம். காலையில் இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் முழங்கால் போட்டால், பதினொரு மணிவாக்கில் ரத்தச் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், உளறல் வரும். இதை அபிஷேகம் என்று கைதட்டும் கூட்டமும் உண்டு, பேய் என்று விரட்டும் கூட்டமும் உண்டு. நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி கழித்துச் சாப்பாடு கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கத்தோலிக்கச் சட்டப்படியே கட்டாய உபவாசம் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான், 18 முதல் 59 வயதுவரை. நோயாளிக்கு அதுவும் கிடையாது.

சுகமாகிவிட்டது என்று சபையில் சாட்சி சொன்ன மறுநாள் காசநோய் மாத்திரையை நிறுத்துவதும் இதே ரகம். இருமல் ஒன்றிரண்டு மாதத்தில் அடங்கிவிடும், கிருமி அடங்காது. ஆறு மாதம் முடியாமல் விட்டால் அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே வினையாகும்.

கர்த்தர் என்று எழுதியிருப்பதால் சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன் என்று எடுத்துக்கொள்கிறேன். யாக்கோபு 5:14-ஐ நிதானமாக வாசியுங்கள்: வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைப்பானாக. கூப்பிடுவது நோயாளி. ஆகவே அப்பாவிடம் கேட்டுவிட்டு ஆயருக்குச் சொல்லுங்கள், டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று வேண்டாம், அன்றைக்கு ஆள் துவண்டுபோயிருப்பார். கத்தோலிக்க வீடுகளில் நோயில்பூசுதலை இன்னும் அவஸ்தைப் பூசுதலாகவே, அதாவது சாகும் நேரத்துச் சடங்காகவே நினைத்துக்கொண்டு, சாமியார் வந்தால் உயிர் போய்விடும் என்று மூச்சு இழுக்கும்வரை ஒத்திப்போடுகிறார்கள். நெற்றியிலும் இரண்டு கைகளிலும் எண்ணெய் பூசும் சடங்கு அது. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னாலும் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

   

கேள்வியின் கடைசி வரியில் "டயாலிசிஸை நிறுத்தினால் பாவமா" என்று கேட்டிருக்கிறீர்கள். சித்தம் என்று யாரோ சொன்னதற்காகவோ செலவுக்காகவோ நிறுத்த வேண்டாம். செலவு என்றால் முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று ஆஸ்பத்திரியில் முதலில் விசாரியுங்கள். நிறுத்தினால் உயிர் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும். ஆனால் உடம்பு தாங்கவில்லை, போதும் என்று மருத்துவரோடு பேசி அப்பாவே தெளிந்த மனதோடு முடிவெடுத்தால் அது தற்கொலை ஆகாது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலே பளு மிகுந்த சிகிச்சையை நிறுத்துவதை அனுமதிக்கிறது. அப்படி ஒரு நாள் வந்தால் மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் வீட்டிலேயே மருந்து கொடுக்க என்ன ஏற்பாடு என்பதை முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.