வீட்டுக்கடனும் ஆறு கோழிகளும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி வீட்டுக்கடனைப் பற்றி, மீதி கோழிகளைப் பற்றி. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டவர்களும் உண்டு. கடன் கட்டிய காலம் முழுக்கக் கொல்லையில் கோழி வைத்திருந்தவன் என்பதால் எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை.

கடன் இன்னும் 17 வருடம் பாக்கி. ஆறு கோழி வாங்கி, முட்டையில் மிச்சமாவதையும் விற்று வருவதையும் கடனில் போடலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா?

கோழி வாங்குங்கள், தப்பில்லை. கடன் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள். வளர்ந்த கோழி ஒன்று நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். ஆறு கோழிக்கு மாதம் ஏறக்குறைய 20 கிலோ. முட்டைக்கென்றே உருவாக்கிய ரகம் என்றால் முதல் வருடத்தில் ஒரு கோழி 250 முதல் 300 முட்டை இடும். நாட்டு ரகம் 100-ஐத் தொட்டாலே பெரிது. ஆக, அதே 20 கிலோவுக்கு ஒரு வீட்டில் மாதம் 140 முட்டை கிடைக்கும், இன்னொரு வீட்டில் 50 கூடக் கிடைக்காது. மேய்ச்சலும் சமையலறை மிச்சமும் தீவனத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். குஞ்சாக வாங்கினால் முதல் ஐந்து மாதம் தீனி போகுமே தவிர முட்டை வராது.

அப்புறம் கூடு. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று கடன் அட்டையைத் தேய்த்துக் கூடு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பழைய பலகை, நல்ல கம்பி வலை, இரவில் இறுக்கிப் பூட்டும் கதவு, இது போதும். இவ்வளவும் கழித்து ஏதாவது மிஞ்சினால், அது கடனுக்குப் போகட்டும்.

கையில் ஒரு மொத்தத் தொகை வந்திருக்கிறது. கடனில் கட்டினால், மாதத் தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று வங்கியில் கேட்கிறார்கள். எதைச் சொல்வது?

தவணை கட்டத் திணறவில்லை என்றால், காலத்தை. ஒரு கணக்கு சொல்கிறேன். 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடன். வட்டி மாறாமலே இருந்தால், வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கட்டி முடிப்பீர்கள். முதல் மாதத் தவணையில் ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்கே போய்விடும். அசலில் பாதி குறைய பதிமூன்றரை வருடம் ஆகும். முதல் முறை இந்த அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இதே கடனில் தொடக்கத்திலேயே அசலில் பத்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு, தவணையைத் தொடாமல் விட்டால் கடன் நான்கு வருடம் முன்னதாக முடியும். காலத்தைத் தொடாமல் தவணையைக் குறைத்துக்கொண்டால் மிச்சமாகும் வட்டி, காலத்தைக் குறைத்தால் மிச்சமாவதில் மூன்றில் ஒரு பங்குதான். மொத்தத் தொகை இல்லாதவர்கள் வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே மூன்று வருடத்துக்கு மேல் குறையும். எதுவானாலும் முதல் சில வருடங்களில் செய்யுங்கள். கடைசி வருடங்களில் வட்டியே சொற்பம் என்பதால் பலனும் சொற்பம்.

ஒரு எச்சரிக்கை: கூடுதல் பணம் அசலில் கழிய வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக அதை வைத்துக்கொள்வதும் நடக்கும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். நிலையான வட்டிக் கடன்களில் அது இருக்க வாய்ப்பு அதிகம்.

சேவல் இல்லாமல் முட்டை இடுமா?

இடும். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல் தேவை. பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் உங்களுக்கு முக்கியம் என்றால் சேவல் வேண்டாம்.

இருக்கிற சேமிப்பு முழுவதையும் போட்டுக் கடனை ஒரேயடியாக முடித்துவிடலாமா?

வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கட்டுங்கள். கடனுக்குள் போன பணத்தை அவசரத்துக்கு வெளியே எடுப்பது சுலபமல்ல. வேலை போனால் வீடு சோறு போடாது. கடன் அட்டை பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். அதன் வட்டி வீட்டுக்கடன் வட்டியைவிட எங்கேயோ மேலே இருக்கும்.

என் கோழிகளுக்கு மூன்று வயது. இரண்டு மாதமாக முட்டையே இல்லை. தீவனச் செலவு மட்டும் குறையவில்லை. விற்றுவிடவா?

முதலில் கூட்டுக்குள் எட்டிப் பாருங்கள். இறகு கொட்டிக் கிடந்தால் அது இறகு உதிர்க்கும் பருவம். இரண்டு மூன்று மாதம் முட்டை நின்று, புது இறகு வந்ததும் மறுபடி தொடங்கும். பகல் குறுகும் காலத்திலும் முட்டை குறையும். நாளைக்கு 14 மணி நேர வெளிச்சமாவது கிடைத்தால்தான் நன்றாக இடும். ஓடு மெல்லியதாக இருந்திருந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை, கிளிஞ்சலை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் வயதுதான். முதல் வருடம்தான் உச்சம், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இறங்கும். கோழியோ ஏழெட்டு வருடம் கூட வாழும். விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது. என்னுடைய கிழட்டுப் பெட்டை ஒன்று இரண்டு வருடமாக முட்டை இடவில்லை. அதன் தீவனத்தை நான் பொழுதுபோக்குச் செலவில் எழுதிக்கொள்கிறேன்.

அடமானத்தில் இருக்கும் வீட்டின் கொல்லையில் கூடு கட்ட, கடன் கொடுத்தவரிடம் கேட்க வேண்டுமா?

நகர்த்தக்கூடிய மரக்கூட்டுக்கு யாரும் கேட்கப்போவதில்லை. அஸ்திவாரம் போட்டுக் கட்டுவதானால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். எத்தனை கோழி வைக்கலாம், சேவல் வைக்கலாமா என்பதெல்லாம் உள்ளாட்சி விதி. அது ஊருக்கு ஊர் மாறும்.

போன மாதம் கடைசித் தவணையைக் கட்டிவிட்டேன். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

வாழ்த்துகள். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். அசல் பத்திரங்களை ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்துத் திரும்பப் பெறுங்கள். சொத்துப் பதிவேட்டில் அடமானம் நீக்கப்பட்டதா என்று நீங்களே பாருங்கள். தவணையைத் தானாகப் பிடிக்கச் சொல்லி வங்கிக்குக் கொடுத்திருந்த உத்தரவையும் ரத்து செய்துவிடுங்கள்.