கெட்டி மெத்தையும் வலிக்கும் தோளும்

முதுகுக்கு நல்லது என்று கெட்டியான தேங்காய் நார் மெத்தை வாங்கினீர்கள். இப்போது காலையில் இடது தோளும் இடுப்பெலும்பும் வலிக்கின்றன என்கிறீர்கள். ஒருக்களித்துப் படுப்பவர், எடை 55 கிலோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது.

மல்லாந்து படுத்தால் உடலின் பாரம் பரவிவிடும். ஒருக்களித்தால் தோளும் இடுப்பும்தான் பெரும்பாலான சுமையைத் தாங்குகின்றன. அவை கொஞ்சம் அமிழ வேண்டும். உங்கள் எடைக்குக் கெட்டி நார் இளகிக் கொடுக்காது. "முதுகு வலிக்குக் கட்டாந்தரைதான் மருந்து" என்று வீட்டுக்கு ஒரு பெரியவர் சொல்வார். ஆனால் 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்றில், நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 313 பேரில், நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே கூடுதல் நிவாரணம் கிடைத்தது.

மெத்தையை மாற்ற அவசரப்படாதீர்கள். அதன்மேல் 2 அங்குல லேடெக்ஸ் (ரப்பர் நுரை) விரிப்பு ஒன்றைப் போடுங்கள். (உடல் அழுத்தத்துக்கு ஏற்பக் குழியும் மெமரி ஃபோம் நுரை மலிவாகக் கிடைக்கலாம்; சித்திரை வெயிலில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.) பிறகு ஒருக்களித்துப் படுத்து, வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து கைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு நேர்க்கோடாகத் தெரிய வேண்டும். இடுப்பு தூளிபோல் தொய்ந்தால் மென்மை மிஞ்சிவிட்டது.

தோள் அமிழ்ந்தால் தலையணை உயரமும் குறைய வேண்டும். நான் இதை மறந்து, இரண்டு வாரம் கழுத்துப் பிடிப்போடு திரிந்தேன்.

கை மரத்துப்போவதும் சேர்ந்திருந்தால் மெத்தைக் கடைக்கு முன் மருத்துவரிடம் போங்கள்.